எங்கள் தெருவின் மாலுமிகள்

கணினித் திரையில் ஐந்து வட்ட முகங்கள் வரிசையாக நின்றன. இடக்கோடியில் இருந்த முகம் உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தது. வலக்கோடியில் இருந்தது பல்லெல்லாம் தெரியச் சிரித்தது. நடுவில் இருந்த முகத்துக்கு வாய் ஒரு நேர்க்கோடு. அதற்கு அழவும் வரவில்லை, சிரிக்கவும் வரவில்லை.

முகங்களுக்கு மேலே ஒரு வாக்கியம் இருந்தது: ‘பழுதான பொருளைப் பிரித்துப் பார்த்துச் சரிசெய்வது.’

என் பேத்தி நிவேதா விரலைச் சுட்டியின் மேல் வைத்தபடி அசையாமல் அமர்ந்திருந்தாள். வெளியே எங்கள் மலைக் குடியிருப்பான காந்தல் முழுவதும் மழை. கார் நிறுத்தும் கொட்டகையின் தகரத்தில் அது விழும் ஓசையில் பக்கத்து வீட்டு நாய் குரைப்பதுகூடக் கேட்கவில்லை. காயாத கம்பளியின் வாடை அறைக்குள் நின்றது.

“அப்பிச்சி,” என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “எனக்கு இது புடிக்குமா?”

நான் வாய் திறக்கக் கூடாது என்பது அவள் பள்ளித் தலைமையாசிரியையின் கட்டளை. கட்டளை இல்லாவிட்டாலும் நான் என்ன சொல்லியிருப்பேன் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவள் பிறந்த நாளிலிருந்து அவளை அறிந்தவன் நான். 

நடந்தது சென்ற கோடையில்தான். ஆனாலும் அதற்கு முந்திய சிலவற்றைச் சொன்னால்தான் வாசகருக்குப் பிடிபடும்.

மே மாதத்து விருந்தினர்

பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் வேதியியல் பிரிவில் பணியாற்றி அதிகாரியாக ஓய்வு பெற்றவன் நான் என்பதை இத்தொடரைப் படித்து வருபவர்கள் அறிவார்கள். அந்த நாட்களில் எங்கள் தெருவில் பட்டம் பெற்றவர்கள் அதிகம் இல்லை. அதனால் ஒரு வழக்கம் தானாகவே ஏற்பட்டது. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் பெற்றோர் பிள்ளையை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வருவார்கள். கையில் ஒரு பையில் பழம் இருக்கும். மலைச்சரிவில் உள்ள பர்லியார் பக்கம் உறவினர் உள்ளவர்களென்றால் மங்குஸ்தான், இல்லாதவர்கள் பிளம்ஸ்.

“சார், எந்தக் குரூப்புங்க எடுக்கறது?”

நான் மதிப்பெண்ணைப் பார்ப்பேன். தந்தையின் வேலையைக் கேட்பேன். பிள்ளை நிற்கும் விதத்தைக் கவனிப்பேன். பிறகு ஒரே சொல்லில் பதில் சொல்வேன். நீண்ட விளக்கம் தருவதில்லை. விளக்கம் தந்தால் வாதம் வரும். சொன்னபடி சேர்த்துவிட்டு, “சார் சொன்னதுங்க” என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொள்வார்கள். அவர்களில் மருத்துவர் உண்டு, வங்கி மேலாளர் உண்டு, வெளிநாட்டில் இருப்பவர்களும் உண்டு. இதைத் தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்தச் சொல்லுக்கு ஒரு மதிப்பு இருந்தது. அதைக் காப்பாற்றி வந்தேன்.

அந்த ஆண்டுகளில் பிள்ளையைப் பார்த்து, ‘உனக்கு எது பிடிக்கும்?’ என்று நான் கேட்டதாக நினைவில்லை. அப்படிக் கேட்பது ஒரு முறையாகவே எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை.

பலாப்பழமும் ஒரு கேள்வியும்

என்னிடம் ஒருவர் அதைக் கேட்டிருக்கிறார். சரியாகச் சொன்னால், என் தந்தையாரிடம் கேட்டார்.

தந்தையார் சமவெளியிலிருந்து மலையேறி வந்து, உருளைக்கிழங்கு மண்டியில் எடை போடும் வேலை பார்த்தவர். என்னைக் கல்லூரியில் சேர்க்கக் கோயம்புத்தூருக்கு அழைத்துப் போனார். பேருந்து பர்லியாரில் நின்றபோது இறங்கி, ஒரு பலாப்பழத்தை விலை பேசி வாங்கி, என் மடியில் வைத்தார். கல்லூரி வாசல் வரை அதன் முள் என் தொடையில் குத்திக்கொண்டே வந்தது. அதன் வாசனை என் சான்றிதழ்களிலும் ஏறிவிட்டது.

முதல்வர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “பையனுக்கு எதில் விருப்பம்?” என்றார்.

தந்தையார் பின்னால் திரும்பிப் பார்த்தார். வேறு யாரையோ கேட்கிறார் என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு கைகளைக் கட்டிக்கொண்டு சொன்னார்: “விருப்பமெல்லாம் ஒன்னும் இல்லீங்க. நல்ல பையனுங்க.”

முதல்வர் பலாப்பழத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வேதியியல் என்று எழுதினார். இயற்பியலில் இடம் நிறைந்திருந்ததாகப் பின்னர் அறிந்தேன்.

அந்த ஒரு சொல்லால்தான் நான் எளிதில் தீப்பற்றும் ஈதரின் வாடைக்குள் என் பணிக்காலம் முழுவதையும் கழித்தேன். வாயிற்காவலில் தீப்பெட்டியை ஒப்படைத்துவிட்டு உள்ளே போவேன். மாலையில் தலைவலியோடு வெளியே வருவேன். அது எனக்குப் பிடித்திருந்ததா? இந்தக் கேள்வியை இந்தப் பத்தி எழுதும்போதுதான் முதன்முதலாக எழுதிப் பார்க்கிறேன். விடைக்கு இடம் விட்டுவிட்டு மேலே செல்கிறேன்.

அதுவே சொல்லட்டும்

நிவேதா என் மகள் கவிதாவின் ஒரே பெண். அவர்கள் எங்கள் தெருவிலேயே இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறார்கள். கவிதா மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் பணியாற்றுகிறாள். பெண் உயிரியல் படிக்க வேண்டும் என்பது அவள் கட்சி. மாப்பிள்ளை முருகேசன் நான் இருந்த அதே தொழிற்சாலையில் இருக்கிறார். கணினி அறிவியல் படித்தால்தான் பெண் மலையிலிருந்து இறங்கி நாலு காசு பார்ப்பாள் என்பது அவர் கட்சி. தேர்வு முடிவு வந்த நாளிலிருந்து இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளவில்லை. சோறு வேண்டுமா என்பதைக்கூட நிவேதா மூலமாகவே கேட்டுக்கொண்டார்கள்.

வழக்கப்படி என் வாய்ச்சொல்லைக் கேட்டிருக்க வேண்டும். மகளுக்கும் மருமகனுக்கும் நடுவே தீர்ப்புச் சொல்ல நான் விரும்பவில்லை. அவர்களும் என்னைக் கேட்கத் தயங்கினார்கள்.

அப்போதுதான் பள்ளியில் பெற்றோர் கூட்டம் கூட்டினார்கள். நானும் அழைக்கப்பட்டிருந்தேன், முன் வரிசையில். தலைமையாசிரியை இளம் வயதினர். பள்ளி ஓர் இணையதளத்தோடு இணைந்திருப்பதாகவும், மாணவர்கள் அதில் சில கேள்விகளுக்குப் பதிலளித்தால் அவர்களுக்குப் பொருந்தக்கூடிய தொழில்களை அது காட்டும் என்றும் சொல்லி, திரையில் சிலவற்றைக் காட்டினார்.

நான் திகைத்துப்போனேன். எங்கள் காலத்தில் தொழில்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். இங்கே திரை உருள உருள அவை வந்துகொண்டே இருந்தன. விளையாட்டு மென்பொருளுக்கு ஓசை அமைப்பவர். உணவைப் புகைப்படத்துக்காக அலங்கரிப்பவர். நாய்க்கு முடி திருத்துபவர். ஒவ்வொன்றுக்கும் ஒரு காணொளி. அதில் ஓர் இளைஞர் தம் வேலையைப் பற்றிச் சிரித்துக்கொண்டே பேசுகிறார். வேலை செய்துகொண்டே ஒருவர் இவ்வளவு சிரிப்பதை நான் எங்கும் கண்டதில்லை.

“குரூப் பற்றிப் பேசும்போது இந்த அறிக்கையையும் பார்த்துக்கொள்வோம்,” என்று தலைமையாசிரியை முடித்தார்.

வீடு திரும்பும் வழியில் கவிதா குடைக்குள்ளிருந்து, “நிவி, அப்பாகிட்டச் சொல்லு. அந்தக் கம்ப்யூட்டரே சொல்லட்டும். அது என்ன சொல்லுதோ அதுக்கு நான் கட்டுப்படறேன்,” என்றாள்.

அடுத்த குடைக்குள்ளிருந்து மாப்பிள்ளை, “நிவி, அம்மாகிட்டச் சொல்லு. நானுந்தான்,” என்றார்.

நிவேதா இரண்டு குடைகளுக்கும் நடுவில் நனைந்துகொண்டு நடந்தாள்.

எது சரியான முகம்?

அறிக்கையைப் பார்த்துக் குரூப் தருவார்கள் என்ற செய்தி மாலைக்குள் தெருவெங்கும் பரவிவிட்டது. பார்த்துத் தருவார்கள் என்றால், நன்றாக வர வேண்டும். நன்றாக வர வேண்டுமென்றால், முன்கூட்டித் தயார் செய்ய வேண்டும். நாங்கள் பிள்ளைகளை வளர்த்த முறை அது. அதில் யாருக்கும் ஐயம் எழவில்லை, எனக்கும் எழவில்லை.

பேக்கரி சண்முகம்தான் முதலில் வந்தார். கந்தலான குல்லாயைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “சார், கேள்வியெல்லாம் கைக்கு வந்திருச்சுங்க,” என்றார் இரகசியமாக. அவர் மகன் பிரவீண் தளத்துக்குள் நுழைந்து, ஒவ்வொரு கேள்வியையும் படமெடுத்துத் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் அனுப்பியிருந்தான்.

சனிக்கிழமை பிற்பகலில் என் முன் அறை நிறைந்துவிட்டது. நாற்காலி போதாமல் பாதிப் பேர் கம்பளி விரித்துத் தரையில் அமர்ந்தார்கள். வர்க்கி பிஸ்கட்டும் தேநீரும் சண்முகம் செலவு. நான் கேள்வியைப் படித்து, எந்த முகம் பொருத்தமானது என்று சொல்வதாக ஏற்பாடு.

பெரும்பாலானவற்றில் சிக்கலே இல்லை. ‘நோயுற்றவரைத் துடைத்து ஆடை மாற்றிவிடுவது.’ பிடிக்காது என்று எந்தப் பிள்ளை போட முடியும்? சிரிக்கும் முகம். ‘எண்களைச் சரிபார்ப்பது.’ சிரிக்கும் முகம். ‘இயந்திரங்களின் ஓசைக்கு நடுவே வேலை செய்வது.’ உழைப்புக்கு அஞ்சாதவன் என்று தெரிய வேண்டும், சிரிக்கும் முகம்.

‘மேடையில் ஆடுவது’ என்று வந்தபோது சரசு குறுக்கிட்டார். அவர் தேயிலைத் தொழிற்சாலையில் தூள் பிரிக்கும் பகுதியில் வேலை செய்பவர். மகள் தீபா பக்கத்திலேயே இருந்தாள்.

“அதுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கறதப் போடச் சொல்லுங்க சார். ஏற்கெனவே ஊட்ல கண்ணாடிய விட்டு நகர மாட்டீங்கறா.”

“அம்மா!” என்றாள் தீபா.

“என்னடி அம்மா? இல்லைன்னு சொல்லு பாக்கலாம்.”

உதடு பிதுக்கிய முகம் என்று முடிவாயிற்று. அடுத்தது, ‘வீடு வீடாகச் சென்று பொருள் விற்பது.’

“நடு முகம்,” என்றேன்.

சண்முகம் நிமிர்ந்தார். “ஏனுங்க சார் நடு? நானும் எங்கப்பனும் வர்க்கி டின்னத் தலையில வெச்சு ஊடு ஊடா வித்துத்தானுங்க இந்தப் பேக்கரியே வெச்சோம். விக்கறது கேவலமுங்களா?”

“கேவலம்னு யாருங்க சொன்னது? இது பள்ளிக்கூடத்துக்குப் போறது சண்முகம். விக்கறதுல இவ்வளவு ஆசையான்னு அங்க நினைச்சுக்கக் கூடாது.”

சண்முகம் குல்லாயைத் திருகிக்கொண்டே மகன் பக்கம் திரும்பினார். “அப்ப நடுவுலயே போட்டுத் தொலைடா. எங்கப்பன் மேல இருந்து என்னையத்தான் வைவாரு.”

‘மற்றவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுவது’ என்ற கேள்விக்கு நான் என் பேத்தியைச் சுட்டிக் காட்டினேன். என் கண்ணில் அழுத்தம் கூடியிருக்கிறது, சிறிய எழுத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர் சொன்ன நாள் முதல், மாலைதோறும் நாளிதழை எனக்குப் படித்துக் காட்டுபவள் அவள். தலைப்பிலிருந்து இரங்கல் விளம்பரம் வரை ஒன்றையும் விடமாட்டாள். “இவளுக்கு இதுல இருக்கற ஆசை மாதிரி எல்லாப் பிள்ளைகளுக்கும் இருக்கணும். சிரிக்கிற முகம்,” என்றேன்.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் சிரித்தாள்.

கடல்

இரண்டு நாளில் அறிக்கைகள் வந்துவிட்டன. நிவேதாவின் அறிக்கையைப் பார்க்க அவள் பெற்றோர் இருவரும் என் வீட்டுக்கு வந்து அறையின் இரு மூலைகளில் நின்றார்கள். அவள் திரையைத் திறந்தாள்.

நீலக் கடல். அதில் ஒரு கப்பல். வெள்ளைச் சீருடையில் ஒருவர் தொலைநோக்கியோடு நிற்கிறார். ‘உங்களுக்கு மிகவும் பொருத்தமான துறை: கடல்சார் பணிகள்.’

 வெளியே மூடுபனி சாளரக் கண்ணாடிவரை வந்து நின்றது.

“கடலா?” என்றாள் கவிதா. அவள் அப்போது நேராகக் கணவரைப் பார்த்துத்தான் கேட்டாள். பல நாட்களுக்குப் பிறகு அதுதான் முதல் சொல்.

“கடல் இல்லாட்டி என்ன மாமா, ஏரி இருக்குதே,” என்றார் மாப்பிள்ளை என்னிடம். “பெடல் படகு ஓட்டட்டும்.”

கதவு தட்டப்பட்டது. சண்முகம். “சார், பிரவீணுக்குக் கப்பலுன்னு வந்திருக்குதுங்க!” அவர் முகம் மலர்ந்திருந்தது. “கப்பல்லயும் ரொட்டி சுடுவாங்கதானுங்களே?”

அவர் தேநீரை முடிப்பதற்குள் சரசு வந்தார். “தீபாவுக்கும் கப்பலுங்க சார். குன்னூர் எறங்கறதுக்குள்ள பை கேக்கறவளுங்க இவ. வளைவுல பஸ் திரும்பினாலே குடல் வெளிய வந்திரும். கப்பல்ல எப்பிடீங்க?”

இருட்டுவதற்குள் தெருவின் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவரும் மாலுமிகள் என்பது தெரிந்துவிட்டது. ஏன் கடல்? இயந்திரம், எண், சமையல், மருத்துவம், குளிர், தனிமை, கூட்டுப்பணி என்று அனைத்தையும் மிகமிக விரும்புகிறவரை, எல்லாவற்றையும் தாமே செய்துகொள்ள வேண்டிய ஓர் இடத்துக்குத்தான் அனுப்ப முடியும் என்று அந்தத் தளம் கருதியிருக்கலாம். இது என் ஊகம். அன்று எனக்கு அந்த ஊகமும் இல்லை.

“நீங்க என்னங்க சார் சொல்றீங்க? சேக்கலாமுங்களா?” என்று எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள்.  “விசாரிச்சுச் சொல்றேன்,” என்றேன். யாரிடம் எதை விசாரிப்பது என்பது எனக்கே தெரியாது.

எல்லாரும் போனபின் கவிதா கோப்பைகளை எடுத்துக்கொண்டே சொன்னாள்: “தெருவே கப்பலேறிருச்சு. கூடவே நம்ம மானமும் ஏறாம இருந்தாச் சரிங்கப்பா.”

தலைமையாசிரியையின் அறை

மறுநாள் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. கோட்டு அணிந்துகொண்டு சென்றேன்.

“ஐயா, உங்க தெருப் பிள்ளைங்க எல்லாரும் ஒரே மாதிரி பதில் போட்டிருக்காங்க,” என்றார் தலைமையாசிரியை. “ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் போட்டதுன்னு நினைச்சேன். விசாரிச்சா, உங்க வீட்டுல வகுப்பு நடந்ததாச் சொல்றாங்க.”

“வகுப்பு இல்லை. வழிகாட்டினேன்.”

அவர் மேசைமேல் இருந்த பூச்சாடியைச் சிறிது நகர்த்தி வைத்தார். “இதுல சரி, தப்பு கிடையாதுங்க ஐயா. பிடிக்குதா, பிடிக்கலையா, அவ்வளவுதான்.”

“மதிப்பெண்?”

“இல்லைங்க.”

“அப்ப இதை வெச்சு எப்படிங்க குரூப் கொடுப்பீங்க?”

“கொடுக்க மாட்டோம். பிள்ளையோட உட்கார்ந்து பேச இது ஒரு ஆரம்பம். கூட்டத்துல அதைத்தான் சொன்னேன்.”

அவர் அப்படித்தான் சொல்லியிருக்க வேண்டும். முன் வரிசையில் அமர்ந்திருந்த நான் வேறொன்றைக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். கேள்விக்குச் சரியான விடை இல்லையென்றால் அதை ஏன் கேட்கிறார்கள்? பிடிப்பதும் பிடிக்காததும் நாளுக்கு நாள் மாறுமே; அதன்மேல் ஒரு வாழ்க்கையை எப்படி நிறுத்துவது? இவற்றைக் கேட்க நினைத்தேன். அந்த நாற்காலியில் அமர்ந்து கேட்கும் நிலையில் நான் இல்லை.

“தளத்துல ஏதோ கோளாறு, எல்லாரும் மறுபடி செய்யணும்னு பெற்றோர்கிட்டச் சொல்லிடறேங்க,” என்றார் அவர், என்னைப் பாராமல். “திங்கட்கிழமை குரூப் முடிவு பண்ணணும். அதுக்குள்ள பிள்ளைங்க தனியா உட்கார்ந்து போடட்டும். நிவேதா மட்டும் உங்க வீட்டுல போடட்டும். அவங்க வீட்டு நிலவரத்தை என்கிட்டச் சொன்னா. நீங்க பக்கத்துல இருங்க. ஆனா, கோவிச்சுக்காதீங்க ஐயா, வாயைத் திறக்கக் கூடாது.”

இந்த வயதில் எனக்கு இடப்பட்ட அந்தக் கட்டளையை ஏற்றுக்கொண்டேன். கோளாறு தளத்துடையது என்று அவர் சொல்லப்போவதை நான் மறுக்கவுமில்லை.

நடு முகம்

ஆக, அந்த மழைப் பிற்பகல். “எனக்கு இது புடிக்குமா?”

 அவள் காத்திருந்தாள். பிறகு நடு முகத்தை அழுத்தினாள். அடுத்த கேள்விக்கும் நடு முகம். அதற்கடுத்ததற்கும் அதுவே.

‘இரத்தம், திசு மாதிரிகளை ஆராய்வது.’ அவள் விரல் நகர்ந்து நின்றது. அது அவள் தாயின் வேலை. ‘நாள் முழுவதும் கணினியில் நிரல் எழுதுவது.’ வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. ஒவ்வொரு கேள்விக்குள்ளும் அவளுக்கு முன்பே யாரோ உட்கார்ந்திருப்பதுபோல எனக்குத் தோன்றியது.

‘மற்றவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுவது.’

அவள் யோசிக்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. உதடு பிதுக்கிய முகத்தை அழுத்தினாள்.

கை தவறிவிட்டது என்றே நினைத்தேன். திருத்திக்கொள்வாள் என்று பார்த்தேன். அவள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

அதன்பிறகு அவள் விரலுக்கு வேகம் வந்தது. பிடிக்காது, பிடிக்காது, சுமார். ‘சண்டையிடும் இருவரைச் சமாதானப்படுத்துவது’ என்று வந்தபோது உதடு பிதுக்கிய முகத்தைத் தேவைக்கு மேல் அழுத்தி அழுத்தினாள். ‘ஒரு கடைக்கு எந்தப் பொருள் எவ்வளவு வேண்டும் என்று திட்டமிடுவது’ என்பதற்கு மட்டும் தலையைச் சாய்த்து, கொஞ்சம் சிரிக்கும் முகத்தைத் தேர்ந்தாள். இவள் கடையைப் பற்றி எப்போது நினைத்தாள்? எனக்குத் தெரியாது. மாலைதோறும் என் எதிரில் அமர்ந்திருந்த பெண்தான்.

அறிக்கையில் கடல் இல்லை. ‘உங்கள் ஆர்வங்கள் இன்னும் தெளிவாகவில்லை. மேலும் சிலவற்றை அறிந்து பாருங்கள்’ என்று இருந்தது. அதன் கீழே மெல்லிய எழுத்தில் வணிகம் என்று ஒரு சொல்.

ஞாயிறு மாலை மீண்டும் அவள் பெற்றோர் வந்தார்கள். மூலைகள் இப்போது கொஞ்சம் நெருங்கியிருந்தன.

“காமர்ஸ் எடுக்கறேன்,” என்றாள் நிவேதா.

“காமர்ஸா?” என்று இருவரும் சேர்ந்தே கேட்டார்கள்.

“ஏங்கண்ணு, கம்ப்யூட்டர் அதையா சொல்லுச்சு?” என்றார் மாப்பிள்ளை.

“அதுக்கும் தெரியலப்பா. மத்ததெல்லாம் புடிக்கலைன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இது ஒன்னுதான் இன்னும் தெரியல.”

“தெரியாததப் போயி எவளாச்சும் எடுப்பாளா?” என்றாள் கவிதா. பிறகு என் பக்கம் திரும்பினாள். “அப்பா, நீங்க சொல்லுங்க. இனி நீங்க சொன்னாத்தான்.”

மாப்பிள்ளையும், “ஆமாங்க மாமா. சொல்லுங்க,” என்றார்.

நிவேதா தன் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நின்ற விதத்தைக் கவனித்தேன். மே மாதங்களில் என் எதிரில் நின்ற பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தான் நின்றார்கள்.

“அவளைக் கேளுங்க,” என்றேன்.

இதை ஞானத்தால் சொன்னேன் என்று வாசகர் எண்ண வேண்டா. எனக்கு உண்மையாகவே தெரியவில்லை. இத்தனை பேர் வீட்டுப் பிள்ளைகளுக்கு எனக்குத் தெரிந்தது எப்படி என்பதும் அன்றிலிருந்து குழப்பமாகவே இருக்கிறது.

திங்கட்கிழமை அவள் வணிகவியலில் சேர்ந்தாள். சண்முகம் மட்டும் என்னைக் காணும்போதெல்லாம், “மொதல்ல வந்ததே நல்லா இருந்துச்சுங்க சார். கப்பலுன்னா ஒரு கெத்துங்க,” என்று இன்னும் சொல்கிறார். மறுமுறை பிரவீணுக்கு வந்தது நாய்க்கு முடி திருத்துவது.

ஒரு வரி

அந்தத் திங்கட்கிழமை மாலை நிவேதா வழக்கம்போல நாளிதழோடு வந்தாள். வழக்கமான நாற்காலியில் அமர்ந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். அந்தச் செருமலை இத்தனை நாளும் நான் ஆர்வத்தின் அடையாளமாகக் கொண்டிருந்தேன்.

“கண்ணு, இப்பப் பார்வை தேவலை. நானே படிச்சுக்கறேன்,” என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் எந்த முகத்தை அழுத்தினாள் என்று நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. கன்னம் சிவந்தது. நான் பூதக்கண்ணாடியைத் தேடுவதுபோல் மேசை இழுப்பறைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எழுந்து போய்விடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் போகவில்லை. கவிதா வைத்துவிட்டுப் போயிருந்த பச்சைப் பட்டாணிக் கூடையை மடியில் இழுத்துக்கொண்டு உரிக்கத் தொடங்கினாள். பட்டாணித் தோலின் ஈர மணம் எழுந்தது.

நான் கண்ணாடியை எழுத்தின் மேல் பிடித்து, உரக்கப் படிக்கலானேன். மலைப்பாதையில் மண் சரிவு. போக்குவரத்து மாற்றம். எழுத்துக்கள் கண்ணாடிக்குள் வீங்கி வழுக்கிக்கொண்டு ஓடின.

“அப்பிச்சி, ஒரு வரி உட்டுட்டீங்க போல இருக்குது. அர்த்தமே வரல,” என்றாள், பட்டாணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

திரும்பிப் பார்த்தேன். விட்டுத்தான் இருந்தேன்.

இப்படி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பது இவளுக்குப் பிடித்திருக்கிறதா, அல்லது அன்றைய என்னைப்போல இவளும் நல்ல பிள்ளையாக இருக்கிறாளா? கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தேன். கொட்டகைத் தகரத்தில் மழை மறுபடி விழத் தொடங்கியது. அவள் அடுத்த காயை எடுத்தாள். நான் விட்ட வரிக்குத் திரும்பினேன்.